இருநூறு எண்ணும் வரை

"அறுநூற்று நாற்பத்தேழு ஸ்லோட்டி. நினைப்பிருக்கட்டும்!" என்று த்ரூடா கணவரின் கழுத்துப்பட்டையை இழுத்துக் கட்டினாள்.

"நெரிக்காதடி! ஏதோ நான் வாங்கின கடன் மாதிரி பேசுற. அந்த இசையமைப்பாளர் வச்ச பாக்கி" என்றார் புரூனோன்.

"அதைத்தான் சொல்றேன். மூணு மாசம் நம்ம மாடியில தங்கி, நாம புகைபோட்ட விலாங்கைத் தின்னுதானே இந்தக் கடல் சிம்பொனியை எழுதினாரு? இன்னிக்குக் கச்சேரி எடுபட்டாத்தான் அவர் கையில காசு. அந்தக் காசு வந்தாத்தான் பட்டறையில கிடக்கிற நம்ம படகு எஞ்சின் வெளியில வரும். கோமாளித்தனம் எதுவும் பண்ணி வைக்காத."

கிதான்ஸ்க் நகரத்துப் பெரிய அரங்கம். ஞாயிற்றுக்கிழமை மதியம். நாற்பது வருஷம் வலை இழுத்த புரூனோனுக்கு இன்று மேடையில் குதிரை முடி இழுக்கும் வேலை. ஊர்க் கல்யாணங்களில் உறுமும் புர்ச்சிபாஸ்தான் வாத்தியம். அடியில் குதிரை முடி தொங்கும் சின்னப் பீப்பாய். த்ரூடா பீப்பாயைப் பிடித்துக்கொள்ள, அவர் ஈரக்கையால் முடியை உருவ வேண்டும். முதல்முறை கேட்டபோதே இசையமைப்பாளர் ஸெவெரின் துள்ளிக் குதித்தார். "கடல் வாயைத் திறந்து பேசுதண்ணே!"

"அப்புறம் இன்னொண்ணு" என்றாள் த்ரூடா. "உன் கோட்டுப் பையில இருக்கிற மூக்குப்பொடிக் கொம்பைக் காலையிலேயே கொட்டித் துடைச்சு வச்சுட்டேன்."

புரூனோனின் முகம் விழுந்துவிட்டது. "அடிப்பாவி! பக்கத்துல ஒருத்தன் சும்மா உக்காந்திருக்கிறப்ப பொடி நீட்டாட்டி நான் என்ன கஷூபியன்? நம்ம இனத்து மரியாதை என்னாவுறது?"

"இன்னிக்கு ஒரு நாள் ஜெர்மன்காரனா இரு."

அதற்குள் ஸெவெரின் ஓடிவந்தார். வெளியே ஆணியில் மாட்டியிருந்த புரூனோனின் கோட்டைத் தானே எடுத்துவந்து, மாப்பிள்ளைக்குப் போடுவது போலப் போட்டுவிட்டார்.

"அண்ணே, நினைவிருக்கில்ல? ஊதுறவங்க எல்லாரும் நிறுத்தினதும் எண்ண ஆரம்பிங்க. இருநூறு ஆனதும் இழுங்க. புயல்!"

"இருநூறு வரைக்கும் அவங்க அத்தனை பேரும் சும்மாவா இருப்பாங்க?"

"சும்மாத்தான் இருப்பாங்க" என்று கண்ணடித்துவிட்டு ஓடினார் ஸெவெரின்.

கச்சேரி அமர்க்களமாகத்தான் போனது. மீனவர் பாட்டு ஒன்று வயலினில் எழுந்து, அலை மாதிரி புரண்டு வந்தது. பிறகு ஊதுகிறவர்கள் நிறுத்தினார்கள். வயலின்கள் மட்டும் முணுமுணுத்தன. புரூனோன் எண்ணினார். முப்பத்தொன்று, முப்பத்திரண்டு...

சும்மா இருக்கிற கை சும்மா இருக்குமா? பைக்குள் போனது. கொம்பு கனத்தது!

'மனசு இரங்கி நிரப்பி வச்சிருக்கா, என் தங்கம்' என்று உருகிப்போனார் புரூனோன். புறங்கையில் தட்டி ஒரு இழுப்பு இழுத்தார். பக்கத்தில் டிரம்பெட்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் நீட்டாமல் இருக்க முடியுமா?

"வேணாம்னு சொன்னா உங்க ஆளுங்களுக்குப் பெரிய அவமானமாமே, பெரியவரே" என்று கிசுகிசுத்தபடி அவரும் இழுத்தார். கொம்பை அடுத்தவருக்குத் தள்ளினார். அவர் அதற்கடுத்தவருக்கு. கொம்பு புல்லாங்குழல் அம்மா வரைக்கும் ஊர்வலம் போனது.

"யோவ்!" என்று பல்லைக் கடித்தாள் த்ரூடா. இரண்டு கையும் பீப்பாயில் இருந்ததால் அவர் காலை ஓங்கி மிதித்தாள்.

நூற்றுத் தொண்ணூற்றொன்றில் புல்லாங்குழல் அம்மா முதலில் தும்மினார். அடுத்து டிரம்பெட். அப்புறம் ஒரு வரிசை, அதற்குப் பின்னால் இன்னொரு வரிசை. பாறையில் அலை அடித்துச் சிதறுவது போல ஊதுகிற முப்பத்திரண்டு பேரும் தும்மித் தீர்த்தார்கள். புரூனோனுக்கு எண்ணிக்கை போயே போச்சு. பயத்தில் கையைப் பக்கத்திலிருந்த தண்ணீர் வாளியில் முக்கி, முடியைப் பிடித்து இழுத்தார். பீப்பாய் உறுமியது. தும்மல், உறுமல், தும்மல், உறுமல். வயலின்கள் வெறிபிடித்தது போல மேலே ஏறின.

முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்றது. 'அடிக்க வர்றாங்க' என்று பீப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார் புரூனோன். அது கைத்தட்டல் என்று புரிவதற்குள் இருவரும் பின்வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"நில்லுங்கண்ணே!" வழியை மறித்தார் ஸெவெரின். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் தண்ணீர்.

"மன்னிச்சுருங்க தம்பி. இவதான் கொம்பை நிரப்பி வச்சு..."

"நானா? நான் கொட்டினவய்யா! சத்தியமா!"

"சண்டை அப்புறம். முதல்ல பாக்கியைப் பிடிங்க. இந்தப் புயலுக்காகவே இன்னும் ஆறு ஊர்ல கூப்பிடுறாங்க" என்று பணத்தைத் த்ரூடாவின் கையில் திணித்தார் ஸெவெரின்.

எஞ்சின் வந்துவிட்டது என்ற சந்தோஷத்திலும் த்ரூடா எச்சில் தொட்டு எண்ணாமல் விடவில்லை. "அறுநூற்று முப்பத்தஞ்சு. பன்னிரண்டு குறையுதே?"

ஸெவெரின் இசைத்தாளை விரித்துக் காட்டினார். ஊதுகிறவர்கள் சும்மா இருந்த அந்த இடத்தின் கடைசியில், மூன்று மாதப் பழைய மையில், முப்பத்திரண்டு தடவை 'ஹச்ச்!' என்று எழுதியிருந்தது.

"அந்தப் பன்னிரண்டு, அண்ணி, நீங்க காலி பண்ணி வச்ச கொம்புல, கோட்டை எடுத்து வந்து அண்ணனுக்கு மாட்டறதுக்கு முன்னாடி நான் நிரப்பின பொடியோட விலை. கணக்கு சரிதானே?"