கோவில்பட்டியைப் பார்க்க வந்தவர்

“சார் என்ன சோலியா வந்திருக்கீங்க?” லாட்ஜ் மேனேஜர் கேட்டார்.

“சும்மா, ஊர் பார்க்க.”

“எந்த ஊர?”

“கோவில்பட்டியைத்தான். பக்கத்துல கடலும் இருக்காமே.”

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். கோவில்பட்டிக்குப் பெண் பார்க்க வருவார்கள், பருத்தி பார்க்க வருவார்கள், மாடு பார்க்க வருவார்கள். ஊரையே பார்க்கத் தனி ஆளாக ரூம் போட்டவர் என்று இதுவரை ஒருத்தரும் கிடையாது. இவருக்குத் தோளில் ஜோல்னா பை, கழுத்தில் கேமரா, கையில் நோட்டு. போதாததற்கு, “இங்கே தீப்பெட்டி ஆபீஸ் நிறைய உண்டாமே, உள்ளே பார்க்க விடுவாங்களா?” என்றும் கேட்டுவைத்தார்.

அது 1997, ஏப்ரல். தீப்பெட்டி ஆபீஸ்களில் பிள்ளைகள் வேலை செய்கிறார்களா என்று அதிகாரிகள் ஊர் ஊராகச் சோதனை போட்டுக்கொண்டிருந்த நேரம். வந்தவர், இராமச்சந்திரன், மாடியேறி அறைக் கதவைத் திறப்பதற்குள் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி நவநீதகிருஷ்ணன் வீட்டுக்குப் போன் போய்விட்டது. அவரிடம் நூறு பேர் வேலை பார்த்தார்கள். அதில் இருபத்து மூன்று பேருக்கு இன்னும் பால்பல் முழுசாக விழவில்லை.

முதலாளி வேன் டிரைவர் மந்திரமூர்த்தியைக் கூப்பிட்டார். விடிகாலை நாலு மணிக்கு விளாத்திகுளம் ரோட்டுக் கிராமங்களுக்குப் போய், ஹாரன் அடித்து, பிள்ளைகளை ஏற்றி வருகிறவர் அவர்தான்.

“ஏலே மந்திரம், அந்த ஆளு போற வரைக்கும் பிள்ளைகள ஏத்தாத. வேன்ல அவன ஏத்து. எங்கனயாவது சுத்திக் காட்டு, நம்ம ஆபீஸ் பக்கம் மட்டும் வரப்பிடாது. எந்த டிபார்ட்மெண்டுன்னு பேச்சுக் குடுத்து விசாரி.”

“சரி அண்ணாச்சி.”

திங்கட்கிழமை காலையில் லாட்ஜ் வாசலில் வேன் நின்றது.

“எங்க மொதலாளி அனுப்பினாவ சார். ஊருக்கு வந்தவியளுக்குச் சுத்திக் காட்டணும்னு அவியளுக்கு ஒரு ஆசை.”

இராமச்சந்திரன் நெகிழ்ந்துபோனார். கழுகுமலை போகிற வழியிலேயே எல்லாவற்றையும் கேட்காமலே சொல்லிவிட்டார். சென்னையில் பேங்க் கிளார்க். கல்யாணம் ஆகவில்லை. வருஷத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டு, யாரும் போகாத ஊராகப் பார்த்துப் போவது வழக்கம். பேங்க் அடையாள அட்டையைக்கூட எடுத்துக் காட்டினார்.

சாயங்காலம் முதலாளி கேட்டார். “யாருலே அவன்?”

“பிடி குடுக்க மாட்டேங்காரு அண்ணாச்சி. நோட்டுல எழுதிக்கிட்டே வாராரு.”

செவ்வாய்க்கிழமை வேம்பார் கடல். இராமச்சந்திரன் பேண்டைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் மணிக்கணக்காக நின்றார். மந்திரமூர்த்தி நிழலில் உட்கார்ந்து, முதலாளி கொடுத்த பேட்டாவில் சீலா மீனோடு சாப்பிட்டார். சாயங்காலம், “டெல்லி கில்லின்னு என்னமோ சொல்லுதாரு அண்ணாச்சி” என்றார். முதலாளிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை பாஞ்சாலங்குறிச்சி. வியாழக்கிழமை காட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கரிசல்காட்டு வெடிப்பைக் காட்டினார். அந்த வெடிப்புக்குள் இராமச்சந்திரனின் செருப்பு விழுந்து, இரண்டு பேருமாகக் குச்சியை விட்டு எடுத்தார்கள். அப்புறம் ரயில்வே கேட் மூடித் திறப்பதைக் காட்டினார்.

சம்பளம் கொடுக்கிறவரிடம் ஒரு பொய், நம்பி வந்தவரிடம் ஒரு பொய், நடுவில் மீன் சாப்பாடு. நல்ல ஆள்தான்!

திரும்பும்போது இராமச்சந்திரன், “எல்லாம் பாத்தாச்சு, இன்னிக்கு ராத்திரி ரயிலுக்கே கிளம்பறேன்” என்றார்.

“நாளைக்கு ஒரு நாள் இருங்க சார். இன்னொரு தரம் கடலப் பாக்கலாம்.”

“அதே கடல்தானே?”

“வெள்ளிக்கிழம வேற மாதிரி இருக்கும் சார்.”

இராமச்சந்திரன் சிரித்தார். மந்திரமூர்த்தி சிரிக்கவில்லை. வேனை ஓரங்கட்டினார்.

“மொதலாளி உங்கள ஆபீசருன்னு பயந்துக்கிட்டு இருக்காவ சார். அதான் பிள்ளைகள ஏத்தாம உங்கள ஏத்தச் சொன்னாவ. பள்ளிக்கூடத்துல முழுப்பரீட்ச நடக்கு. எழுதலன்னா அடுத்த வகுப்பு கிடையாது. நீங்க இருக்கப்போயி நாலு பரீட்ச எழுதிட்டுதுக. நாளைக்குக் கணக்கு, அது ஒண்ணுதான் பாக்கி. தூங்குத பிள்ளைய ஹாரன் அடிச்சு எழுப்புதவன் நான்தான சார். மனசு கேக்கல.”

இராமச்சந்திரன் நோட்டை மூடி ஜோல்னா பைக்குள் வைத்தார்.

லாட்ஜ் வாசலில் நவநீதகிருஷ்ணனே நின்றுகொண்டிருந்தார். நாலு நாளாகக் கால்வாசி வேலை படுத்துவிட்டது, சரக்கு ஏற்ற வந்த லாரி சும்மா நின்றது. அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. கை கூப்பினார்.

“சாரு எந்த டிபார்ட்மெண்டுன்னு தெரிஞ்சுக்கிடலாமா?”

மந்திரமூர்த்தி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டார். பேங்க் என்று ஒரு வார்த்தை வந்தால் அவர் வேலையும் போச்சு, கணக்குப் பரீட்சையும் போச்சு.

இராமச்சந்திரன் ஒரு வவுச்சரில்கூடப் பொய் எழுதி அறியாதவர். முதலாளியை ஏற இறங்கப் பார்த்தார்.

“அதை நாளைக்குச் சாயங்காலம் சொல்றேன். காலையில உங்க ஆபீஸைப் பார்க்கணும். அப்புறம் பிள்ளைங்க இருக்கிற கிராமத்துக்கும் போகணும்.”

முதலாளிக்குக் குப்பென்று வேர்த்தது. மந்திரமூர்த்தியைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார்.

“ஏலே, நாளைக்கு விடிஞ்சதும் வேன எடு. இருபத்தி மூணு பிள்ளையளையும் ஏத்தி, நேரா பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் உக்கார வையி. ஒண்ணு குறஞ்சாலும் உனக்கு வேல கிடையாது, பாத்துக்கோ!”