மாஜி மேயரின் கல்

டொக்... டொக்...

விடிந்தும் விடியாத பனியில் நாலாவது நாளாக அதே சத்தம். பால் வாங்கக் கிளம்பிய சொர்ணம் சத்தம் வந்த பக்கம் எட்டிப் பார்த்தாள்.

லிங்கராஜபுரத்துச் சந்து முனையில், வெள்ளை வேட்டியில் ஓர் உருவம். திறப்பு விழாக் கல்லைக் கட்டிப்பிடித்தபடி, "நின்னது போதும், இறங்கு" என்று அதனிடம் பேசிக்கொண்டிருந்தது.

வந்த வேகத்தில் திரும்பி ஓடினாள்.

"யசோதாக்கா, பேய்!"

எதிர்வீட்டு யசோதா சிரித்தாள். "மாஜி மேயர் ரங்கா ஐயா அவரு. ஒரே ஒரு வருஷம் மேயரா இருந்தாரு. இந்தச் சாக்கடையைத் திறந்து வச்சதும் அவருதான். பெண்டாட்டி போயாச்சு, கட்சி போயாச்சு, காரும் போயாச்சு. மிச்சம் அந்தக் கல்லுல இருக்கிற பேர்தான்."

"பேரைக் கட்டிக்கிட்டு அழறதுக்கு, சந்து முனையில உடைஞ்ச மூடியை மாத்தச் சொல்லலாமில்ல? போன மழையில எங்க அனுஷா கால் உள்ளே போயிடுச்சே! நான் கையைப் பிடிச்சிருந்தேனோ, பிழைச்சாளோ!"

"சொன்னாரும்மா. மாஜி பேச்சை யாரு மதிக்கிறாங்க?"

சாயங்காலம் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் மழை கொட்டியது. குடையோடு ஓடினாள் சொர்ணம்.

சந்து முழுக்கத் தண்ணீர். எது தரை, எது சாக்கடை, தெரியவில்லை. கல் நின்ற இடம் காலி. அந்த மூடியில்லாத பள்ளத்துக்குப் பக்கத்தில், கணுக்கால் தண்ணீரில் அசையாமல் நின்றார் கிழவர்.

எதிர்ப்பக்கம் அனுஷா.

"வா கண்ணு, என்கிட்ட வா" என்று கையை நீட்டினார்.

"அனுஷா, போகாதேடி! அங்கே பள்ளம்!"

கத்தல் மழையில் கரைந்தது. குழந்தை நேராகப் பள்ளத்தின் மேலேயே கால் வைத்தது.

முழுகவில்லை. தண்ணீர் மேல் நிற்பதுபோல் நின்று கை தட்டியது. "அம்மா, இங்கே பள்ளமே இல்லம்மா!"

கிட்டே போய்க் காலால் துழாவினாள் சொர்ணம். வழவழவென்று கருங்கல்.

கிழவரின் கை முழுக்கக் கடப்பாரைக் கொப்புளம்.

"ஐயா, இது உங்க... பேர் இருந்த கல்லாச்சே?"

"பேர் அடிப்பக்கம் இருக்கும்மா. எழுத்தை மிதிச்சா பாவம்னு பிள்ளைங்க தாண்டிக் குதிக்கும். வழுக்கி விழுந்துடும் பாரு, அதான் குப்புறப் போட்டுட்டேன்."