வீட்டுப் பிடிப்பு

டோக்கன் நம்பரைக் கூப்பிட்டதுமே பெரியவர் அழ ஆரம்பித்துவிட்டார். மூன்றாம் கவுண்டருக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் நிற்கவில்லை, குலுங்கிக் குலுங்கி அழுதார். பக்கத்தில் மகன் நெளிந்தான்.

"அப்பா, எல்லாரும் பாக்குறாங்க. விடுப்பா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த விசா அதிகாரி அம்மாவுக்கோ உச்சி குளிர்ந்துபோயிற்று. தப்பாக நினைக்காதீர்கள், அவள் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. அவள் பார்க்கிற வேலை அப்படி.

அவள் கொடுப்பது 'வேலை விடுமுறை' விசா. ஒரு வருஷம் வெளிநாட்டில் ஊர் சுற்றலாம், கைச்செலவுக்கு ஏதாவது வேலை பார்க்கலாம், முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். அவள் கடைசியாக அனுப்பிய மூன்று பேரும் போனவர்கள் போனவர்கள்தான். "இன்னும் ஒருத்தர் திரும்பலைன்னா நீங்க பழைய ஃபைல் ரூமுக்குப் போயிடலாம்" என்று மேலதிகாரி அன்று காலையில்தான் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அந்த ரூமில் ஜன்னல்கூடக் கிடையாது.

அதனால் அவள் பேங்க் பேப்பர், உறுதிப் பத்திரம் எதையும் நம்புவதை விட்டுவிட்டாள். மனுப் போட்டவன் பெற்றோரோடு வர வேண்டும் என்பாள். வந்தவர்களின் முகத்தைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பாள். பெற்றவர்கள் சிரித்தால் பிள்ளை ஓடிப்போவான், அழுதால் திரும்பி வருவான். அவ்வளவுதான் அவள் சட்டம்.

"தம்பி, வயசு?"

"முப்பது மேடம். அடுத்த வாரம் முப்பத்தொண்ணு."

முப்பத்தொன்று ஆகிவிட்டால் இந்த விசாவுக்கு ஜென்மத்துக்கும் மனுப் போட முடியாது. பெரியவரின் விம்மல் ஒரு படி ஏறியது.

"இதுக்கு முன்னாடி வீட்டை விட்டு வெளியில எங்கயாவது தங்கியிருக்கீங்களா?"

"ஒரு நாள்கூட இல்லை மேடம்."

"சமைக்கத் தெரியுமா?"

"அம்மா செய்வாங்க."

"துணி துவைக்கிறது?"

"அதுவும் அம்மாதான்."

"வேலை?"

"எதுவும் செட் ஆகலை மேடம். வீட்லதான் இருக்கேன்."

ஃபாரத்தில் 'வீட்டுப் பிடிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'மிக வலுவானது' என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டாள் அதிகாரி அம்மா. அவளுடைய இத்தனை வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு பிடிப்பைப் பார்த்ததே இல்லை.

"ஃபாரத்தை யார் நிரப்பினது? கையெழுத்து முத்து முத்தா இருக்கே!"

மகன் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு, "அப்பாதான் மேடம். இப்படி ஒரு விசா இருக்குன்னே அவர்தான் கண்டுபிடிச்சார்" என்றான்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். தான் வேலைக்காக ஊரை விட்டுக் கிளம்பியபோது தன் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை என்பது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்து தொலைத்தது. அப்பன் என்றால் இவரல்லவா அப்பன்! பிள்ளை நாலு இடம் பார்க்கட்டும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு வந்திருக்கிறார், பாவம்.

"ஐயா, இவரை விட்டுட்டு உங்களால இருக்க முடியுமா?"

"முயற்சி பண்றோம் மேடம்."

"அவங்க அம்மா?"

"அவ ஒரு வாரமா தூங்கலை. பெட்டியை அடுக்குறா, பிரிக்கிறா, திரும்ப அடுக்குறா. விசா கிடைச்சதும் உடனே போன் பண்ணச் சொன்னா." சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைந்தது.

இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? பாஸ்போர்ட்டைத் திறந்து 'டொக்'கென்று முத்திரையைக் குத்தினாள். மகனைப் பக்கத்துக் கவுண்டருக்கு அனுப்பினாள். ஃபைல் ரூம் பயம் அந்த நிமிஷமே விட்டுப்போயிற்று. போகிற போக்கில் பெரியவருக்கும் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றியது.

"அழாதீங்க ஐயா. ஒரு வருஷம்தானே, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும். சரியா அன்னைக்கு உங்க பிள்ளை உங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பார். அதுக்கு நான் கேரண்டி."

பெரியவரின் அழுகை சட்டென்று நின்றது. மகன் தள்ளிப் போய்விட்டானா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு கண்ணாடியை ஒட்டிக் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வராம இருக்கிறதுக்கு எந்த ஃபாரம் மேடம்?"