தப்பான டோம்

"வேலை தெரியாதவனுக்கு எதுக்குய்யா ஒர்க்‌ஷாப்? என்னை இப்படிப் படுக்கையில தள்ளிட்டியே!"

கட்டிலில் கிடந்தபடியே கத்தினார் ரேஸ்காரர். பக்கத்து வீடுகளில் ஜன்னல்கள் திறந்துகொண்டன. அவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. நாலு பேர் கேட்கட்டும் என்றே கத்துகிற மாதிரி இருந்தது.

கட்டிலின் கால்மாட்டில் தலை குனிந்து நின்றார் மெக்கானிக். அவருக்குப் பின்னால், கையில் ஒரு துணிப் பையோடு அவருடைய தம்பி. அண்ணன் எஞ்சினைப் பிரித்தால், வேண்டிய சாமானைத் தம்பி லேத்தில் கடைந்து தருவான். ஒர்க்‌ஷாப்பும் இருவருடையது, அதன் நல்ல பெயரும் இருவருடையது. அந்தப் பெயர்தான் இப்போது சந்தி சிரித்துக்கொண்டிருந்தது.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள் ரேஸ்காரரின் மனைவி. அழுது அழுது அவள் முகமே வீங்கிப் போயிருந்தது.

இத்தனை கூச்சலும் ஒரு டோமுக்காக. சிலிண்டரின் தலைக்குள் கவிழ்த்த கிண்ணம் போல உட்காருகிற அலுமினியத் துண்டு அது. குழி சின்னதாக இருந்தால் அழுத்தம் ஏறும், வண்டி பறக்கும். ஆனால் ரேஸ் பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டனே உருகிவிடும். குழி பெரிதாக இருந்தால் வேகம் கொஞ்சம் மட்டு, பங்க் பெட்ரோலே போதும். ரேஸ்காரரின் டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குத் தம்பி இரண்டையும் கடைந்து வைத்திருந்தான். பந்தயம் என்றால் சின்னது, மற்ற நாளில் பெரியது.

பந்தயத்துக்கு முந்தின நாள் அவர் கேட்டது சின்ன டோம். அண்ணன் அதை மாட்டி, டேங்கைச் சுத்தமாக வடித்து, ரேஸ் பெட்ரோல் கேனையும் கையில் கொடுத்தார்.

"வண்டியை வேன்ல ஏத்திக்கிட்டுப் போ. மைதானத்துல இதை ஊத்திக்க. பங்க் பெட்ரோல் ஒரு சொட்டு உள்ள போகக் கூடாதுப்பா" என்று படித்துப் படித்துச் சொன்னார். தம்பி அதைத் தன் காதாலேயே கேட்டான்.

மறுநாள் முழு வேகத்தில் போகும்போது எஞ்சின் சுற்றாமல் இறுகிப் பிடித்துக்கொண்டது. பின் சக்கரம் பூட்டி, ஆளைத் தூக்கி எறிந்தது. முதுகெலும்பில் அடி. இனி எழுந்து நடக்க மாட்டார் என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

எஞ்சினைப் பிரித்துப் பார்த்தவன் தம்பிதான். பிஸ்டனின் உச்சி உருகி ஓட்டை விழுந்திருந்தது. டேங்கில் மிச்சம் இருந்ததை முகர்ந்து பார்த்தான். சந்தேகமே இல்லை, பங்க் பெட்ரோல்.

ஐயோ பாவம் என்றுதான் இத்தனை நாளும் வாயைத் திறக்காமல் இருந்தான். அந்த மனிதரோ அலட்சியமாக எதையோ ஊற்றிக்கொண்டுவிட்டு, இப்போது பழியைத் தூக்கி அண்ணன் தலையில் போடுகிறார்.

"சொல்லுய்யா! பெரிய டோம் போடச் சொன்னா சின்னதைப் போட்டது நீதானே? என் பொண்டாட்டி முன்னாடி சொல்லு!"

தம்பிக்குப் பொறுக்கவில்லை. பையை அவிழ்த்து, ஓட்டை பிஸ்டனையும் டோமையும் கட்டில்மேல் வைத்தான்.

"எங்கண்ணன் பேச மாட்டாரு, நான் பேசறேன். சின்ன டோம் கேட்டது நீங்க. அந்த டேங்க்ல..."

பளார் என்று கன்னத்தில் விழுந்தது. அடித்தவர் அண்ணன். சின்ன வயதில்கூட அவன்மேல் கை வைக்காத அண்ணன்.

"வாயை மூடுடா!"

பிறகு அவர் அந்தப் பெண் பக்கம் திரும்பினார்.

"தப்பு என்னோடதும்மா. பெரிய டோம்தான் கேட்டாரு. நான்தான் கவனமில்லாம சின்னதை மாட்டிட்டேன்."

"வேற எதுவும் காரணம் இல்லியே?"

"வேற எதுவுமே இல்லம்மா."

அவள் அவரையே பார்த்தாள்.

"உங்க கை விளங்காமப் போக! நல்லா இருப்பீங்களா நீங்க?" என்று அலறிவிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

தம்பிக்கு எல்லாம் முடிந்துபோன மாதிரி இருந்தது. ஜன்னல்களில் கேட்டவர்கள் போதும், பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். தப்பான டோம் போட்டு ஆளை முடமாக்கியவன் கடையில் இனி எவன் வண்டியை விடுவான்? கண்ணில் முட்டிய நீரோடு பிஸ்டனையும் டோமையும் அள்ளிப் பையில் போட்டான்.

"வாங்கண்ணே, போகலாம்."

அப்போது ரேஸ்காரர் கையை நீட்டி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு நேரம் வீட்டையே அதிர வைத்த குரல் எங்கேயோ போயிருந்தது.

"மன்னிச்சிடுங்கண்ணே. திட்டப் போறேன்னு போன்ல சொல்லியும் வந்து நின்னீங்களே."

தம்பி அண்ணனைப் பார்த்தான்.

"உனக்குப் பொய் வராதுடா. அதான் சொல்லல" என்றார் அண்ணன், சிவந்த அவன் கன்னத்தைத் தடவியபடி.

ரேஸ்காரர் மனைவி போன பக்கம் ஜாடை காட்டினார்.

"அன்னைக்குக் காலையில டேங்க் காலியா இருக்கேன்னு, பங்க்குக்கு ஓடிப் போய் வாங்கிட்டு வந்து, நான் பண்ற மாதிரியே ஆயில் கலந்து ஊத்தி வெச்சது அவ. கூட வந்தவங்க ரேஸ் பெட்ரோலை ஊத்திட்டாங்கன்னு நினைச்சு நான் ரேஸ்ல இறங்கிட்டேன். நேத்திலிருந்து 'நான் ஊத்தினதுதான் காரணமா?'ன்னு கேட்டுக்கேட்டு அழறாண்ணே. ஆமான்னு தெரிஞ்சா உயிரை விட்டுடுவா."

உள்ளே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. தம்பி பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

ரேஸ்காரர் அண்ணனின் கையை விட்டார்.

"அவ வரா. இன்னும் கொஞ்சம் திட்டட்டுமாண்ணே?"