வேலைப் பேச்சு

தயாபரன் வீட்டிலிருந்தபடியே லோகோ வரைந்து பிழைப்பவன். கவனம் சிதறக் கூடாதென்று காலையிலேயே அறையைத் தாழிட்டுக்கொண்டு, காதில் அடைப்பானைச் செருகிக்கொள்வான். அது வேலைப் பேச்சை மட்டும்தான் உள்ளே விடும். வீட்டார் குரலையும் விடுகிற அடைப்பானுக்குச் சந்தா அதிகம். தண்டச் செலவு என்று அதை வாங்காமல் விட்டுவிட்டான்.

அன்று மனைவி டூட்டிக்குப் போயிருந்தாள். மதியம் ஒரு குரல் கேட்டது.

“வணக்கம் சார். ஒரு சின்ன வேலை இருக்கு. கொஞ்சம் அர்ஜென்ட்.”

“சொல்லுங்க மேடம்,” என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“பால் கொட்டிக் கை வெந்துபோச்சு சார். மருந்து போட்டு விடணும்.”

தூக்கிவாரிப் போட்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். வாசலில் ஏழு வயது மகள் யாழ்மொழி நின்றிருந்தாள். முழங்கை வரை கொப்புளங்கள். கன்னத்தில் கண்ணீர் எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

அடைப்பானைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவளை வாரி எடுத்தான். “அப்பான்னு கத்தியிருக்கக் கூடாதாடா கண்ணு?”

“கத்தினேன் சார்,” என்றாள், அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. “அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, அப்பான்னா உங்களுக்குக் கேக்காதுன்னு.”