தோற்ற கைபேசியின் விளம்பரப் படம்

மடிக்கணினியும் கைபேசியும் ஒரே மேசையில் வாழ்ந்தன. இரண்டில் ஒன்றை விற்றுவிட எண்ணிய உரிமையாளர் பூங்குழலி, பள்ளி ஆண்டுவிழா வீடியோவை இரண்டிடமும் கொடுத்து, முதலில் தொகுத்து முடிப்பதையே வைத்துக்கொள்வதாக அறிவித்தார்.

கைபேசி பாய்ந்து முன்னேறியது. மடிக்கணினியின் விசிறி இரைந்தது.

"என்ன அண்ணாச்சி, சாமி வந்துவிட்டதா? வேப்பிலை கொண்டுவரச் சொல்லட்டுமா?" என்றது கைபேசி.

"நான் மூச்சாவது விடுகிறேன், தம்பி. உனக்கு ஒரு விசிறிகூட இல்லையே," என்றது மடிக்கணினி.

நாட்டியக் காட்சியில் கைபேசி சூடேறி, ஒற்றைக்காலில் நின்ற குழந்தைகளோடு தானும் உறைந்து நின்றது. மடிக்கணினி நிதானமாக முடித்து வென்றது.

"விளம்பரத்துக்கு உன்னை நானே படமெடுக்கிறேன், சிரி," என்றது பெருந்தன்மையுடன்.

அதன் கேமரா எடுத்த படத்தில், கைபேசி கருகிய தோசைத் துண்டைப் போலத் தெரிந்தது. ஒரு வாரமாகியும் எவரும் விலை கேட்கவில்லை. பொறுமையிழந்த பூங்குழலி, கைபேசியை எடுத்து மடிக்கணினியைப் படம்பிடித்தார்.

"சற்று நிமிர்ந்து உட்காருங்கள், அண்ணாச்சி. அசல் புதுமாப்பிள்ளை மாதிரியே இருக்கிறீர்கள்," என்றது கைபேசி.

அன்று மாலையே மாப்பிள்ளையை அழைத்துச் செல்ல ஆள் வந்துவிட்டார்.