பவளத்துக்கு வாங்கிய வெயில்

வரவேற்பறையில் உயிர்ப்பவளம் வளர்த்த கடல்நீர்த் தொட்டிக்கு விளக்குத் தேர்ந்தெடுக்க இன்பசேகரனுக்கு ஐந்து மாதம் பிடித்தது. பெண் பார்க்கப் போன இடத்தில் காபி ஆறுவதற்குள் சம்மதம் சொன்னவன் அவன். மனைவி குழலி இதைத் தினமும் சொல்லிக்காட்டினாள்.

கடைசியில் வந்த விளக்கு மன்னார் வளைகுடாவின் காலை வெயிலை அப்படியே தொட்டியில் கொட்டியது. கட்டடங்கள் நெருக்கியடித்த அந்த நகரத்தில் அறுபதாவது மாடிக்குக் கீழே வெயில் விழுவதில்லை. இவர்கள் இருந்தது பதினெட்டில். அதுவரை மின்விசிறியில் உலர்த்திய வடகத்தை மறுநாளே குழலி தொட்டி ஓரத்தில் பரப்பினாள். அவன் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. பவளத்தின் மேல் நிழல் விழுந்துவிட்டதாம்.

நான்காம் நாள் எதிர்வீட்டு பெனாசிர் பச்சைக் குழந்தையோடு வந்து நின்றாள்.

"லேசா மஞ்சக்காமாலையாம்ண்ணா. காலை வெயில்ல கொஞ்சம் காட்டச் சொல்றாங்க."

மறுக்க மனம் வரவில்லை. குழந்தைக்குச் சுட்டுவிடக் கூடாதே என்று விளக்கின் செயலியைத் திறந்தான். 'எந்த உயிருக்கு?' என்று அது கேட்டது. முந்நூறு வகைப் பவளங்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வெயில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். மனிதன் மட்டும் பட்டியலில் இல்லை.

"பிள்ளைக்கு எவ்வளவு வெயில் வேணும்மா?"

"தெரியலண்ணா. நான் வெயில்ல நின்னதே இல்ல."

குழலி வடகத்தட்டை எடுத்துவிட்டு இடம் கொடுத்தாள். வெயில் நிபுணன் இருப்பதிலேயே குறைந்த வெயில் கேட்கும் பவளத்தைத் தேர்ந்தெடுத்து, முதன்முறையாகத் தன் உள்ளங்கையை விளக்கின் கீழே நீட்டிப் பார்த்தான். இதமாகத்தான் இருந்தது. வெயில் இப்படித்தான் இருக்குமா என்று அவனுக்கும் தெரியாது.